சிறுநீரகத்தை உடல் ஏற்குமா என்பதை முன்கூட்டியே சொல்லும் ரத்தப் பரிசோதனை: பீட்டர் மெடவாரின் முயல்களிலிருந்து தொடங்கும் கதை

டயாலிசிஸில் இருக்கும் ஒருவருக்கு அவருடைய தம்பி சிறுநீரகம் கொடுக்க முன்வருகிறார். ரத்த வகை ஒன்றுதான். தம்பிக்கு சர்க்கரை கிடையாது, ரத்த அழுத்தம் கிடையாது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கலாம் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருக்கும்போது, இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி இருக்கிறது என்பார் மருத்துவர். அதன் பெயர் கிராஸ் மேட்ச். தம்பியின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களை எடுப்பார்கள். அண்ணனின் ரத்தத்தில் அணுக்களை நீக்கிவிட்டு, மிஞ்சும் தெளிந்த சீரத்தை எடுப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். தம்பியின் அணுக்கள் சாக ஆரம்பித்தால், அந்தச் சிறுநீரகத்தை அப்படியே பொருத்த முடியாது.

ரத்த வகை பொருந்தினா போதாதா, இது வேற எதுக்கு என்று கேட்காத குடும்பம் இருக்காது. போதாது என்பதுதான் பதில். நம் வெள்ளை அணுக்களிலும் உறுப்புகளின் செல்களிலும் எச்எல்ஏ என்ற அடையாளப் புரதங்கள் இருக்கின்றன. ஆளுக்கு ஆள் இவை மாறும். முன்பு எப்போதோ ரத்தம் ஏற்றிக்கொண்டவர், கர்ப்பம் தரித்தவர், ஏற்கெனவே ஒருமுறை மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் ஆகியோரின் உடல் அடுத்தவரின் எச்எல்ஏவைச் சந்தித்திருக்கும். அதற்கு எதிராக ஆன்டிபாடிகளை, அதாவது எதிர்ப்பொருள்களை, உருவாக்கி வைத்திருக்கும். அதே அடையாளத்தோடு புதிய உறுப்பு உள்ளே வந்தால், அவை தயாராகக் காத்திருக்கும்.

ஒருமுறை சந்தித்த அந்நியத் திசுவை உடல் மறப்பதில்லை என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறுவியவர் பீட்டர் மெடவார். அவர் மருத்துவர் இல்லை, விலங்கியல் படித்தவர். ஆனால் இன்று நாம் செய்யும் ஆன்டிபாடி பரிசோதனையை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஒட்டிய திசுவை அழிப்பது ஆன்டிபாடிதான் என்பதற்குச் சான்று கிடைக்காமல் அந்தப் பாதையைவிட்டே விலகிப் போனவர் அவர். அவருடைய ஆய்வகத்தில் ஒரு வருடம் இருந்துவிட்டுப் போன இன்னொருவர்தான் அதைப் பிடித்தார்.

எரிந்த விமானி

மெடவார் பிறந்தது பிரேசிலில், 1915 பிப்ரவரி 28 அன்று. அப்பா லெபனானைப் பூர்வீகமாகக் கொண்டவர், பல் மருத்துவப் பொருள்களை விற்பவர். அம்மா ஆங்கிலேயர். சிறு வயதிலேயே இங்கிலாந்துக்கு வந்துவிட்டார். மார்ல்பரோ என்ற உறைவிடப் பள்ளியில் படித்தார். அந்தப் பள்ளியை அவருக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை. 1932இல் ஆக்ஸ்போர்டின் மாக்டலன் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்தபிறகுதான் ஆளுக்கு உயிர் வந்தது. ஆறடிக்கும் மேல் உயரம், ஓபரா பைத்தியம், வாயைத் திறந்தால் கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சு. 1937இல் உடன் படித்த ஜீனைத் திருமணம் செய்துகொண்டார்.

1940 கோடையில் ஆக்ஸ்போர்டில் அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு போர் விமானம் விழுந்து எரிந்தது. உள்ளிருந்த இளம் விமானியின் உடலில் பெரும்பகுதி வெந்துபோனது. சிகிச்சை அளித்த மருத்துவர் மெடவாரை அழைத்து, ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். அதுவரை ஆய்வகத்தில் திசு வளர்த்துக்கொண்டிருந்தவருக்கு அது பெரிய அடி. தீக்காயத்தை மூட வேண்டுமானால் தோல் வேண்டும். நோயாளியின் சொந்தத் தோல் போதவில்லை. அடுத்தவர் தோலை ஒட்டினால் நிற்பதில்லை. ஏன் நிற்பதில்லை?

அந்தக் கேள்வியோடு கிளாஸ்கோ மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்குப் போனார். அங்கே தாமஸ் கிப்சன் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து, கடுமையாக வெந்திருந்த ஓர் இளம்பெண்ணைக் கவனித்தார். அவருடைய சொந்தத் தோலிலிருந்து சின்னச்சின்னத் துண்டுகளை எடுத்து ஒட்டினார்கள். அவருடைய சகோதரரின் தோலிலிருந்தும் அதேபோல எடுத்து ஒட்டினார்கள். சொந்தத் தோல் பிடித்துக்கொண்டது. சகோதரரின் தோல் முதலில் பிடித்ததுபோல் இருந்து, பிறகு அழிந்தது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான்.

அவர்கள் சுமார் இரண்டு வாரம் கழித்து அதே சகோதரரிடமிருந்து இரண்டாவது தொகுதியை ஒட்டினார்கள். இந்த முறை அது பிடிக்கவே இல்லை. முதல் தொகுதியைவிட வெகு வேகமாகக் கரைந்துபோனது. தோல் அதே ஆளுடைய தோல், ஒட்டிய முறையும் அதேதான். மாறியிருந்தது நோயாளியின் உடல் மட்டும்தான். அம்மை ஒருமுறை வந்தவருக்கு உடல் அதை நினைவு வைத்துக்கொள்கிறது அல்லவா, அதேபோலத்தான் இதுவும் என்று மெடவார் முடிவுக்கு வந்தார். உறுப்பு நிராகரிப்பு என்பது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை. 1943இல் கிப்சனும் அவரும் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

ஒரே ஒரு நோயாளியை வைத்துப் பெரிய முடிவு சொல்ல முடியாதே. ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பி முயல்களை எடுத்துக்கொண்டார். 25 முயல்கள், ஒவ்வொன்றுக்கும் மற்ற ஒவ்வொன்றின் தோலும், அதன் சொந்தத் தோலும். கணக்குப் போட்டால் 625 ஒட்டுகள். உதவிக்குப் பெரிய பட்டாளம் எல்லாம் இல்லை. முடிவு கிளாஸ்கோவில் பார்த்ததேதான்: முதல் ஒட்டு மெதுவாக அழிந்தது, அதே முயலிடமிருந்து வந்த இரண்டாவது ஒட்டு சீக்கிரம் அழிந்தது.

தேடியும் கிடைக்காத ஆன்டிபாடி

உடல் நினைவு வைத்திருக்கிறது, சரி. அந்த நினைவு எங்கே இருக்கிறது? அந்தக் காலத்தில் எதிர்ப்பு சக்தி என்றாலே ரத்தத்தில் மிதக்கும் ஆன்டிபாடிகள்தான். லண்டனில் பீட்டர் கோரர் என்பவர் 1930களிலேயே எலிகளில் ஒட்டிய கட்டிகள் அழியும்போது அவற்றுக்கு எதிரான ஆன்டிபாடிகள் உருவாவதைக் காட்டியிருந்தார். மெடவாரும் அதைத்தான் முதலில் தேடினார்.

அவர் செய்தது எளிய சோதனை. தோலை ஏற்க மறுத்த முயலின் சீரத்தை எடுத்தார். அந்தச் சீரத்திலேயே, எந்த முயலின் தோல் மறுக்கப்பட்டதோ அதன் தோல் துண்டுகளைப் போட்டு வளர்த்துப் பார்த்தார். ஆன்டிபாடிதான் கொலையாளி என்றால் தோல் செத்திருக்க வேண்டும். சாகவில்லை, நன்றாகவே இருந்தது. 1948இல் இந்த முடிவை வெளியிட்டார். ஆன்டிபாடி உருவாவதை அவர் மறுக்கவில்லை. ஒட்டுத்தோலைக் கொல்வது அதுதான் என்பதற்குச் சான்று இல்லை என்றார். 1954இல் அவருடைய முன்னாள் மாணவர் ஏவ்ரியன் மிட்சிசன், நிணநீர் முடிச்சின் செல்களை ஓர் எலியிலிருந்து இன்னோர் எலிக்கு மாற்றினால் நிராகரிக்கும் திறனும் சேர்ந்து போகிறது, சீரத்தை மாற்றினால் போவதில்லை என்று காட்டினார். அதோடு துறை முழுக்கச் செல்களின் பக்கம் சாய்ந்தது. அடுத்த பல ஆண்டுகளுக்கு ஆன்டிபாடி பற்றிப் பேசுபவர் கொஞ்சம் பழைய ஆளாகப் பார்க்கப்பட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெடவாரின் சோதனையில் தப்பு எதுவும் இல்லை. அவர் தேர்ந்தெடுத்த திசுதான் விஷயம். தோலை ஒட்டும்போது யாரும் ரத்தக்குழாயைத் தைப்பதில்லை. ஓரிரு நாள் கழித்து உடலே மெல்ல இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும். தட்டில் வளரும் தோல் துண்டில் ரத்த ஓட்டமே கிடையாது. ஆன்டிபாடி முதலில் தாக்குவதோ ரத்தக்குழாயின் உள்சுவரை. சிறுநீரகத்தைப் பொருத்தும்போது தமனியையும் சிரையையும் நேரடியாகத் தைத்து, கிளிப்பை எடுத்த நொடியிலேயே நோயாளியின் ரத்தம் முழு வேகத்தில் உள்ளே பாய்கிறது. அதில் ஆன்டிபாடி இருந்தால் முதல் சுற்றிலேயே சிறுநீரகத்தின் ஒவ்வொரு நுண்குழாயையும் தொட்டுவிடும். தோலை வைத்துப் பார்த்தவர் கண்ணுக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை.

மெடவாரின் மனம் இதற்குள் வேறொரு பக்கம் போயிருந்தது. 1948இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் ஹியூ டொனால்ட் என்ற கால்நடை ஆய்வாளர், மாட்டு இரட்டையர்களில் ஒரே கருவில் பிறந்தவை எவை, வெவ்வேறு கருவில் பிறந்தவை எவை என்று பிரிப்பது எப்படி என்று கேட்டார். தோலை மாற்றி ஒட்டிப் பாருங்க, தெரிந்துவிடும் என்று மெடவார் சுலபமாகச் சொல்லிவிட்டார். பிறகு பில்லிங்ஹாமை அழைத்துக்கொண்டு பண்ணைக்குப் போய் ஒட்டினால், வெவ்வேறு கருவில் பிறந்த கன்றுகளும் ஒன்றின் தோலை இன்னொன்று ஏற்றுக்கொண்டன! கருவில் இருக்கும்போதே இரண்டின் ரத்தமும் கலந்துவிடுவதுதான் காரணம். பிறப்பதற்கு முன் சந்தித்ததை உடல் எதிரியாக நினைப்பதில்லை. பில்லிங்ஹாம், லெஸ்லி பிரென்ட் இருவரோடும் சேர்ந்து எலிக் கருக்களில் இதைச் செயற்கையாகச் செய்து காட்டி 1953இல் வெளியிட்டார். 1960இல் ஆஸ்திரேலியாவின் மக்ஃபர்லேன் பர்னெட்டோடு சேர்ந்து நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். பரிசுப் பணத்தில் தனக்கு வந்ததை பில்லிங்ஹாமுக்கும் பிரென்ட்டுக்கும் பகிர்ந்து கொடுத்தார். பரிசில் அவர்கள் பெயர் இல்லை என்பது அவருக்கு உறுத்தலாக இருந்திருக்கிறது.

அவருடைய உரை ஒன்றைக் கேட்டவர்களில் ராய் கால்ன் என்ற இளம் மருத்துவரும் ஒருவர். உரை முடிந்ததும், இதற்கு மருத்துவத்தில் என்ன பயன் என்று ஒரு மாணவர் கேட்க, ஒன்றும் இல்லை என்கிற அர்த்தத்தில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம் மெடவார். கால்ன் அதை நம்பவில்லை. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளைத் தேடிப்போய், அசாதயோப்ரினைச் சிறுநீரக மாற்றுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரானார்.

ஒரு துளி சீரம்

1957இல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஓர் இளைஞர் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் இருந்த மெடவாரின் ஆய்வகத்துக்கு வந்தார். பெயர் பால் தெராசாகி. ஜப்பானியக் குடியேறிகளின் மகன். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரைப் பிடித்து அடைத்த முகாம்களில் ஒன்றான அரிசோனாவின் கிலா ரிவர் முகாமில் பள்ளிப் பருவத்தைக் கழித்தவர். ஒரு வருடம் மெடவாரிடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், குருவின் கேள்வியை எடுத்துக்கொண்டார். குரு விட்டுவிட்ட பாதையில் நடந்தார்.

அப்போது வேறு இடங்களிலிருந்தும் செய்தி வந்துகொண்டிருந்தது. பாரிஸில் ஜான் டோசே, பலமுறை ரத்தம் ஏற்றியவர்களின் சீரத்தில் அடுத்தவரின் வெள்ளை அணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளைப் பார்த்தார். நெதர்லாந்தின் லைடனில் வான் ரூட்டும், கலிபோர்னியாவில் ரோஸ் பேயினும் கர்ப்பம் தரித்த பெண்களிடம் பார்த்தார்கள். குழந்தையிடம் பாதி அப்பாவின் அடையாளங்கள் இருக்கும் அல்லவா? தாயின் உடல் அதற்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்குகிறது. கணவர் மனைவிக்குச் சிறுநீரகம் கொடுக்க வரும்போது கிராஸ் மேட்ச் சில நேரம் இடிப்பதற்கு இதுதான் காரணம்.

இந்த ஆன்டிபாடிகளைச் சோதிக்க நிறைய சீரம் தேவைப்பட்டது, கிடைப்பதோ கொஞ்சம். 1964இல் தெராசாகி இதைச் சுருக்கினார். சின்னக் குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு சீரம், காய்ந்துவிடாமல் மேலே ஒரு துளி எண்ணெய். அதில் கொடையாளரின் வெள்ளை அணுக்கள். அப்புறம் முயலின் சீரம்! ஆமாம், இங்கேயும் முயல்தான். ஆன்டிபாடி செல்லில் ஒட்டியிருந்தால், முயல் சீரத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற புரதங்கள் அந்தச் செல்லை ஓட்டை போட்டுக் கொல்லும். சாயம் ஊற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் செத்தது எது, உயிரோடு இருப்பது எது என்று தெரியும்.

அறுவை அரங்குகளில் இதற்குள் ஒரு விநோதமான பயங்கரம் நடந்துகொண்டிருந்தது. 1954இல் பாஸ்டனில் ஒரே மாதிரி இரட்டையர்களுக்கு இடையே வெற்றி கண்ட சிறுநீரக மாற்று, 1960களில் மருந்துகளின் துணையோடு மற்றவர்களுக்கும் பரவியது. சில நோயாளிகளுக்கு மட்டும், ரத்தம் பாய்ந்ததும் சிவந்து பொலிவாக வர வேண்டிய சிறுநீரகம், மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் பூத்து, திட்டுத்திட்டாகி, துவண்டுவிடும். தையல் போட்டு முடிப்பதற்குள் எடுக்க வேண்டியதுதான். கொடுத்தவரின் தியாகம் அரை மணி நேரத்தில் வீண். 1966இல் டென்மார்க்கின் கிஸ்மேயர்-நீல்சன் குழு, இப்படி ஆன நோயாளிகளின் ரத்தத்தில் முன்பே ஆன்டிபாடி இருந்ததைக் காட்டியது.

1969

அந்த வருடம் பட்டேலும் தெராசாகியும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 225 சிறுநீரக மாற்றுகள். அவற்றில் 30 பேருக்கு கிராஸ் மேட்ச் பாசிட்டிவ். 24 பேரின் சிறுநீரகம் உடனடியாகச் செயலிழந்தது. மீதி 195 பேருக்கு நெகட்டிவ். அவர்களில் உடனடியாக இழந்தவர்கள் 8 பேர்தான். வாதம் முடிந்தது. ஒரு சில மணி நேரப் பரிசோதனையைச் செய்யாமல் சிறுநீரகத்தைப் பொருத்துவது அதன் பிறகு மருத்துவ ரீதியாக நியாயப்படுத்த முடியாத காரியமாகிவிட்டது. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு உயிர்களுக்குப் பயன்பட்ட கட்டுரை வேறு இருக்குமா என்பது சந்தேகமே.

அதே 1969 செப்டம்பரில் மெடவாருக்கு 54 வயது. லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர், பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் தலைவர். எக்ஸிடர் தேவாலயத்தில் விவிலியப் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தபோது மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. உயிர் பிழைத்தார். இடது கை போச்சு, இடதுபக்கப் பார்வை போச்சு. பேச்சும் சிந்தனையும் மிஞ்சின. இயக்குநர் பதவியை விட்டார், ஆய்வை விடவில்லை. பக்கவாதத்துக்கு முன்பு அவர் கையில் இருந்த வேலைகளில் ஒன்று நிணநீர் செல்களை அழிக்கும் சீரம் பற்றியது. வேறு விலங்கின் உடலில் உண்டாக்கிய ஆன்டிபாடிகளை வைத்து, நிராகரிக்கும் செல்களை ஒடுக்குவது. அதன் வழிவந்த முயல் சீர மருந்தை இன்றும் மாற்று அறுவையின்போது நோயாளிகளுக்குக் கொடுக்கிறார்கள். மறுபடியும் முயல்.

அடுத்தடுத்து பக்கவாதங்கள் வந்தன. அதற்கு நடுவிலேயே இளம் விஞ்ஞானிகளுக்கான அறிவுரை நூல் ஒன்றை 1979இல் எழுதினார், தன்னை ஒரு சிந்திக்கும் முள்ளங்கி என்று கிண்டலடிக்கும் தலைப்பில் தன்வரலாறு ஒன்றை 1986இல் வெளியிட்டார். மனைவி ஜீன்தான் கை, கால் எல்லாம். 1987 அக்டோபர் 2 அன்று லண்டனில் இறந்தார்.

அப்புறம் என்ன ஆனது?

கிராஸ் மேட்ச் வந்ததும் அறுவை மேசையிலேயே சிறுநீரகம் சாவது கிட்டத்தட்ட நின்றுபோனது. மருந்துகள் முன்னேறியதால் முதல் வருடத்தைத் தாண்டுவதும் சுலபமாகிவிட்டது. ஆனால் ஐந்து, பத்து வருடம் கழித்து கிரியாட்டினின் மெல்ல மெல்ல ஏறி, சிறுநீரகம் சுருங்கி, மறுபடி டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். இதற்கு மருந்தின் பக்கவிளைவு, வயது என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. செல்களைத்தான் மருந்துகள் அடக்கிவிட்டனவே, வேறு யார் செய்கிறார்கள்?

தெராசாகி பழைய சந்தேகத்தை விடவில்லை. மாற்றுக்கு முன் ஆன்டிபாடி இல்லாதவருக்கும் பின்னால் புதிதாக உருவாகலாம், அது நுண்குழாய்களை வருடக்கணக்கில் அரித்துத் தழும்பாக்கும் என்று 2003இல் விரிவாக வாதிட்டார். 2004இல் ஓசவாவோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், 23 மையங்களைச் சேர்ந்த, சிறுநீரகம் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த 2,278 பேரின் ரத்தத்தைச் சோதித்து ஒரு வருடம் காத்திருந்தார்கள். எச்எல்ஏ ஆன்டிபாடி இருந்தவர்களில் 6.6 சதவீதம் பேர் சிறுநீரகத்தை இழந்தார்கள். இல்லாதவர்களில் 3.3 சதவீதம். சரியாக இரண்டு மடங்கு. மெடவார் இறந்து 17 வருடம் ஆகியிருந்தது.

அப்படின்னா செல்கள்தான் என்று நினைத்தது தப்பா? அதுவும் இல்லை. முதல் சில மாதங்களில் வரும் தீவிர நிராகரிப்பில் பெரும்பங்கு செல்களுக்குத்தான். ஆன்டிபாடியை உருவாக்குவதற்கும் அந்தச் செல்களின் உதவி வேண்டும். இரண்டும் ஒரே மண்டலத்தின் இரு கைகள், திசுவைப் பொறுத்தும் நேரத்தைப் பொறுத்தும் ஓங்குகிற கை மாறும்.

இப்போது குழித்தட்டோடு சேர்த்து, எச்எல்ஏ புரதங்கள் பூசிய நுண்மணிகளையும் பயன்படுத்துகிறார்கள். நோயாளியின் சீரத்தை இந்த மணிகளோடு சேர்த்தால், எந்தெந்த அடையாளத்துக்கு எதிராக ஆன்டிபாடி இருக்கிறது, எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று தனித்தனியாகத் தெரியும். அறிக்கையில் பிஆர்ஏ 80 சதவீதம் என்று இருந்தால், நூறு கொடையாளர்கள் வந்தாலும் சுமார் 80 பேரின் உறுப்பு இவருக்கு ஆகாது என்று பொருள். இப்படிப்பட்டவர்கள் காத்திருப்புப் பட்டியலில் வருடக்கணக்கில் நிற்கிறார்கள். சிலருக்குப் பிளாஸ்மாவை மாற்றி ஆன்டிபாடியைக் குறைத்த பிறகு அறுவை செய்கிறார்கள். சிலருக்கு இரண்டு குடும்பங்களுக்குள் கொடையாளரை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு கைகொடுக்கிறது. டயாலிசிஸில் இருப்பவருக்கு அவசியம் இல்லாமல் ரத்தம் ஏற்றாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான். ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலும் புதிய ஆன்டிபாடிகளை உண்டாக்கக்கூடும்.

மாற்று முடிந்த பிறகும் சோதனை தொடரும். மாத்திரையைச் சில வாரம் விட்டுவிட்டவர்களுக்கு, உடம்பு நல்லாத்தானே இருக்கு என்று நிறுத்திவிட்டவர்களுக்கு, கொடையாளருக்கு எதிரான ஆன்டிபாடி புதிதாக முளைக்கும் வாய்ப்பு அதிகம். கிரியாட்டினின் ஏறுவதற்கு மாதங்களுக்கு முன்பே, சில நேரம் வருடங்களுக்கு முன்பே, அது ரத்தத்தில் தெரிய ஆரம்பித்துவிடும்.